தண்ணீர் கடித்தது

கர்வினா
பிப்ரவரி 19, 2006

அன்புள்ள ராடிமுக்கு அம்மா எழுதுவது.

உன் கிறிஸ்துமஸ் அட்டை ஜனவரி மூன்றாம் தேதிதான் வந்து சேர்ந்தது. இத்தனை வருஷமாக அட்டை போடுகிறாய், இந்த முறைதான் பின்பக்கத்தில் உன் அயர்லாந்து முகவரி எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தபால் பெட்டிகளுக்கு எதிரே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான்காம் மாடி ஓட்டகர் இறங்கி வந்தவர், "என்ன மிலாடா, லிஃப்ட் மறுபடியும் படுத்துருச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவர் ஐயோ பாவம் என்று என் பையை வாங்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உடனே பதில் போட்டிருக்க வேண்டும். ஏழு வாரமாகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டு முடித்துவிடலாம்தான். ஆனால் நான் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

உன் அப்பாவின் நெஞ்சு மோசமாகிவிட்டது. அக்டோபரிலிருந்து வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறோம். பெரிய அறையின் மூலையில் நின்று இரவும் பகலும் உறுமுகிறது. மூக்கில் மாட்டிய குழாய் சமையலறை வாசல்வரை எட்டும், குளியலறைக்கு எட்டாது. மீன் தொட்டிக்கு எட்டும். அதனால் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சுரங்கத்தில் முப்பத்தோரு வருஷம் மின்சார வேலை பார்த்தவருக்கு இப்போது எட்டு மீட்டர் குழாய்தான் உலகம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல் கெண்டை மீனை உயிரோடு வாங்கிக் குளிக்கிற தொட்டியில் விடவில்லை. கடையிலேயே வெட்டி வாங்கினேன். அப்பா ஒரு துண்டு சாப்பிட்டார்.

தொட்டியில் இப்போதும் கறுப்பு ஏஞ்சல் மீன்கள்தான். நீ போன பிறகு ஓட்டகர் ஒரு ஜோடி கொடுத்தார், அதிலிருந்து பெருகியவை. பழைய மீன்களைப் போல் வராது என்று அப்பா ஒன்பது வருஷமாகச் சொல்கிறார். சொல்லிக்கொண்டே அவற்றுக்குப் புழு ஊட்டுகிறார்.

ராடிம், அப்பா தொட்டியில் கை வைக்கும் விதம் உனக்கு ஞாபகம் இருக்கும். முதலில் மண்டியிட்டு, அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, பிளக்கைப் பிடுங்குவார். பிடுங்கியதை எல்லோர் கண்ணிலும் படும்படி தரைவிரிப்பின் மேல் வைப்பார். அப்புறம்தான் சட்டைக் கையை மடிப்பார். "கரன்ட்டை நிறுத்து, கண்ணால பாரு, அப்புறம் தொடு." ஒரு இலையை எடுப்பதானாலும் இந்தச் சடங்கு நடக்கும். நீயும் நானும் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். நமக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் கண்ணாடியைத் துடைக்கும்போது அப்படியே கையை விட்டுவிடுவேன், நீயும் அப்படித்தான்.

ஜனவரி இருபதாம் தேதி, வெளியே பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. தொட்டியின் ஹீட்டர் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. ஒரு செடி வேரோடு பிடுங்கிக்கொண்டு மேலே மிதந்தது. அப்பாவால் இப்போது மண்டியிட முடியாது. குனிந்தால் பத்து நிமிஷம் மூச்சு திரும்பாது. என்னைக் கூப்பிட வெட்கம். நான் சமையலறையில் கோஸ் சூப்புக்கு நறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்து, பிளக்கைப் பிடுங்காமலே கையைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறார். வாழ்நாளில் முதல் தடவை. இன்னொரு கையால் வெந்நீர் ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார். விட்ட கையின் பின்புறத்தில் ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய புண் ஆறாமல் இருந்தது.

சத்தம் எதுவும் வரவில்லை. சூப்பை ருசி பார்க்கச் சொல்லலாம் என்று கரண்டியோடு வந்தேன். முழங்கைவரை தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. மெஷின் நின்றுவிட்டதோ என்று நான் அதைப் போய்ப் பார்த்தேன்.

"மிலாடா, இங்க வா. தண்ணியில கைய வை."

"எதுக்கு?"

"வைன்னா வை. ஏதோ பண்ணுது."

நான் கை வைக்கவில்லை. தெரியும் என்று சொன்னேன்.

"என்ன தெரியும்?"

"கடிக்கும். கையில கீறல் இருந்தா இன்னும் சுரீர்னு கடிக்கும்."

"எப்போலேர்ந்து?"

"ராடிம் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சப்போலேர்ந்து."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டு கொடுத்தேன், வாங்கவில்லை. "அப்போ பையன் சொன்னது?" என்று கேட்டார்.

நானே அவர் கையைத் துடைத்துவிட்டேன்.

இனி நான் எழுத வேண்டியதற்கு வருகிறேன். தொண்ணூற்றேழாம் வருஷம், இதே பிப்ரவரி. நுரையீரலுக்காகச் சுரங்கக்காரர்களை அனுப்பும் சுகவாச விடுதிக்கு அப்பா மூன்று வாரம் போயிருந்தார். மீன்களை உன் பொறுப்பில் விட்டார். திரும்பி வந்தபோது பதினான்கில் பதினொன்று செத்திருந்தன. நீ வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தண்ணீரை ஒழுங்காக மாற்றவில்லை என்று நீயே ஒப்புக்கொண்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "தண்ணி கடிக்குதுப்பா. உள்ள கைய விட முடியல. பிளக் பாயிண்ட்டத் திறந்து பார்க்கலாம்" என்றாய். சின்ன வயதிலும் அதே வார்த்தையைத்தான் சொல்வாய், கடிக்குது என்று.

அப்பா அன்றைக்கு மீட்டரை எடுத்தார். ஆனால் அவர் வழக்கப்படி முதலில் எல்லாவற்றையும் நிறுத்தினார். தண்ணீரில் கண்ணாடிச் சாமான் இருக்கும்போது வேலை செய்யக் கூடாது என்று ஹீட்டரை வெளியே எடுத்துத் துண்டில் சுற்றி வைத்தார். பிறகு விளக்கை மட்டும் போட்டு அளந்தார். முள் அசையவில்லை. "மீட்டர் பொய் சொல்லுமா, நீ பொய் சொல்றியா? சுரங்கக்காரன் பிள்ளை, மின் பள்ளியில சர்ட்டிபிகேட் வாங்கினவன், மீன் தொட்டிக்குப் பயப்படறானாம். என் பாயிண்ட்டை நீ திறப்பியா?" என்றார். அப்பாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்த ஓட்டகர் சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அப்பா என் பக்கம் திரும்பினார்.

"மிலாடா, நீ தினம் துடைக்கிற. உன்ன எப்பவாவது கடிச்சிருக்கா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் இல்லை என்றேன்.

ஏன் சொன்னேன் என்று ஒன்பது வருஷமாக எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இருமிக்கொண்டிருந்தார். ஓட்டகருக்கு எதிரே அவர் போட்ட வயர் தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குள் எல்லாம் ஆறிவிடும், அப்போது மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீ இல்லை. உன் தட்டை வைத்துவிட்டுப் பிறகு எடுத்தேன். உன்னைப் பொய்யனாக்கி வீட்டைவிட்டு அனுப்பியது அப்பா மட்டும் இல்லை. அவருக்குத் தெரியாது, தெரியாமல் சொன்னார். எனக்குத் தெரியும்.

இதை அப்பாவிடமும், போன மாதம் அவரைத் தண்ணீர் கடித்த அன்று ராத்திரி சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டே, "நீ அன்னிக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். "நீங்க நம்பியிருப்பீங்களா?" என்று கேட்டேன். கரண்டியைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். "மாட்டேன்" என்றார். பிறகு மீட்டரை எடுத்துவரச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். அவர் நாற்காலியில், குழாயோடு. நான் தரையில், அறுபத்தைந்து வயதில், கையில் ஸ்குரூ டிரைவர். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்தக் கருவிப்பெட்டியைத் தூசி தட்ட மட்டும்தான் எனக்கு அனுமதி இருந்தது. "அது இல்ல, சிவப்புக் கைப்பிடி. அதுவும் இல்ல. சமையலறையில எதுக்கு எது வேணும்னு கண்ண மூடிட்டு எடுக்கிற இல்ல, அதே மாதிரிதான்." நான், "சமையலறையில யாரும் பின்னாடி உட்கார்ந்து கத்தறதில்ல" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, பதினைந்து நிமிஷம் வேலை நின்றது.

மீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையை ரேடியேட்டரில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் வைத்தேன். இருபது வோல்ட் காட்டியது. ஹீட்டரில் கீறல் விழுந்திருக்கும் என்றார். புது ஹீட்டர் வாங்கி வந்தேன். அதற்கும் அதே இருபது. சரி, பம்ப் என்றார். பம்பைக் கழற்றினேன். முள் இறங்கவில்லை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது நான் வாய் தவறிச் சொல்வதுபோல் சொன்னேன்: "ஹீட்டர்ல சிவப்பு விளக்கு எரியறப்போ மட்டும்தான் கடிக்கும். அது அணையறவரைக்கும் காத்திருந்து நான் துடைப்பேன்."

என்னை அவர் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "இருபது வருஷமா காத்திருந்து துடைச்சியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஹீட்டரை எடுக்கச் சொல்லி, அதே பாயிண்ட்டில் இஸ்திரிப்பெட்டியைச் செருகச் சொன்னார். முள் எண்பதைத் தாண்டிக் குதித்தது. கருகிய வாடை வந்தது. "பிடுங்கு, பிடுங்கு" என்று எழுந்தேவிட்டார்.

நீ இதே வேலையில் இருப்பவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கட்டடத்தில் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் இரண்டே அலுமினியக் கம்பிகள். எர்த்துக்குத் தனிக் கம்பி கிடையாது, திரும்பிப் போகிற கம்பியையே பாயிண்ட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எர்த் ஊசிக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அந்தக் காலத்து முறை அது, எல்லா வீட்டிலும் அப்படித்தான். மூடியைக் கழற்றியபோது அந்தத் திரும்புகிற கம்பி திருகாணிக்கு அடியில் கருகி, ஒரு மயிரிழையில் நின்றது. கரன்ட் போக வழி இல்லாமல் எர்த் ஊசிக்கு ஏறி, பத்திரத்துக்கென்று அப்பா எர்த் கொடுத்து தொட்டியின் மேல் வைத்திருந்த தகர விளக்குக் கூண்டுக்கு வந்து, அதன் நனைந்த கொக்கி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. விளக்குக்கும் ஹீட்டருக்கும் ஒரே பாயிண்ட், ஹீட்டர் எரிந்தால்தான் அத்தனை ஓட்டம். ஹீட்டரை வெளியே எடுத்துவிட்டு அளந்தவருக்கு எப்படித் தெரியும்? பிளக்கைப் பிடுங்காமல் ஒரு நாளாவது கை வைத்திருந்தால் அவரையும் கடித்திருக்கும். ஜாக்கிரதையாக இருந்ததால்தான் அவருக்குத் தெரியாமல் போனது.

கருகிய துண்டை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "அலுமினியம் தளரும். வருஷத்துக்கு ஒரு தடவை திருகாணிய முடுக்கணும். சுரங்கத்துல ஒரு வருஷம்கூட நான் விட்டதில்ல. வீட்டுல ஒரு தடவைகூட முடுக்கல." அவ்வளவுதான் சொன்னார். துண்டை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், இன்னும் அங்கேதான் இருக்கிறது. துவைக்கும்போது எடுத்து வைத்துத் திரும்பப் போடுகிறேன்.

அப்படியானால் மீன்களைக் கொன்றது இதுதானா என்று நான் கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுவார், எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "கம்பி மேல உட்கார்ந்த குருவிக்கு ஒண்ணும் ஆகறதில்ல. தண்ணிக்குள்ளயே இருக்கிற மீனுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. வெளியேர்ந்து கைய விடற மனுஷனுக்குத்தான் அடிக்கும். மீன் செத்தது தண்ணி மாத்தாததாலதான். தண்ணி மாத்தாதது என் திருகாணியால." பிறகு, "மீன் கிடக்கட்டும் விடு" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் மீனைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஓட்டகரைக் கூப்பிட்டோம். மாடி வராந்தாவின் மீட்டர் பலகையிலிருந்து தொட்டிவரை மூன்று கம்பியுள்ள செம்பு வயரைப் புதிதாக இழுத்தோம். கரன்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்சும் வைத்தாயிற்று. பலகை வேலையை ஓட்டகர் பார்த்தார், பாயிண்ட்டை நான் மாட்டினேன். ஆம், உன் அம்மா. ஹீட்டரையும் இஸ்திரிப்பெட்டியையும் சேர்த்துப் போட்டு அளந்தோம். பூஜ்யம். நான் மீன்களைத் திருப்பி விடலாமா என்று கேட்டேன், அவை இரண்டு வாரமாக ஓட்டகர் வீட்டுக் குளிக்கிற தொட்டியில் கிடந்தன. அப்பா கூடாது என்றார். வேலை முடியவில்லையாம்.

சுரங்கத்தில் இருந்த விதி உனக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒருவர் செய்த வேலையை அதில் கை வைக்காத இன்னொருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கரன்ட் விடுவார்கள். ஓட்டகர் பேனாவை எடுத்துக்கொண்டு, "குடு, நான் போட்டுத் தொலைக்கறேன். என் குளிக்கிற தொட்டியெல்லாம் உன் மீன்தான்" என்றார். "நீயும் வேலையில நின்னவன். உன் கையெழுத்து செல்லாது" என்று அப்பா சொன்னார். பின்னே யாருடையது செல்லும் என்று ஓட்டகர் கேட்டார். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டகர் பேனாவை மூடிவிட்டு, மீன் இன்னும் எத்தனை நாளானாலும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்கிறார். நேற்று அயர்லாந்துக்கு ஸ்டாம்ப் சரியாக ஒட்டினாயா என்று கேட்டார். நீங்களும் ஒரு வரி எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீயே எழுது. தண்ணி கடிச்சதுன்னு எழுது. அவன் சொன்னது சரின்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் பூச இவரை உட்கார வைக்கலாமா என்று டாக்டரிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, ஈஸ்டர் ஏப்ரலில் அல்லவா என்றார். பிறகு மருந்துச் சீட்டை மறுபடியும் எடுத்துப் படித்தார். அதனால்தான் இனியும் கிழிக்காமல் இதை எழுதுகிறேன்.

அப்பா ஒரு சீட்டு எழுதித் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார், சுரங்கத்தில் எழுதுவதுபோலவே கோடு போட்டு. வேலை செய்தவர்கள் என்ற இடத்தில் அவர் பெயர், ஓட்டகர் பெயர், என் பெயர். என் பெயரை அவர் எந்த வேலைச் சீட்டிலும் எழுதியதில்லை. கீழே சரிபார்த்தவர் என்று எழுதி இடம் விட்டிருக்கிறார். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, மீன் இல்லை, விளக்கு இல்லை. தினமும் காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்காருகிறார். லிஃப்ட் நம் மாடியில் நின்றால் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது உன் விருப்பம், எப்போது வேண்டுமானாலும் வரட்டும், வராமலும் போகட்டும். இது மட்டும் கேட்கிறேன். ஒரே ஒரு நாளுக்காவது வந்து, அவர் பார்க்கும்போது, பிளக்கைப் பிடுங்காமல், அந்தத் தண்ணீரில் கையை வை. கடிக்கிறதா இல்லையா என்று நீ சொல். நீ எதைச் சொன்னாலும் இந்த முறை வீட்டில் எல்லோரும் நம்புவோம்.

பண்டிகைக் கெண்டையின் செதில் ஒன்றை உனக்கென்று எடுத்து வைத்திருந்தேன், இத்துடன் இருக்கிறது. பர்ஸில் வைத்துக்கொள், வருஷம் முழுக்கக் காசு தங்கும். நீ தொடுகிற கம்பி எதுவும் உன்னைக் கடிக்காமல் இருக்கட்டும். நன்றாக இரு, கண்ணே. பேனாவை நான் தயாராக வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
மிலாடா